ஓரிரு இடங்களில்

சாஜிதா பேகம் ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிக்கத் தொடங்கிய பிறகு கோவை கோட்டைமேட்டில் மழைக்கும் வெயிலுக்கும் அவள்தான் பொறுப்பு என்றாகிவிட்டது.

மாதத்தில் சில நாட்கள் மட்டும் கூப்பிடுகிற தற்காலிக அறிவிப்பாளர் வேலை அது. நேயர்கள் கேட்ட பாட்டுக்கு முன்னால் அவர்கள் பெயர்களை வாசிப்பாள். விவசாயிகளுக்கு விதை நேர்த்தி பற்றி எழுதிக் கொடுத்ததை வாசிப்பாள். மாலையில் வானிலை வாசிப்பாள். பாட்டையும் விதையையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மழையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டில் அப்பளம் இடுகிறவள் பாயை விரிப்பதற்கு முன்னால் இவள் வாசலில் வந்து நின்று கேட்பாள். டீக்கடைக்காரர் அவள் கணவன் இல்யாஸை வழிமறித்து, உங்க ஊட்டுல சொன்ன மழையக் காணமே என்பார். மழை பெய்யாவிட்டால் அவள் புளுகினாள். பெய்துவிட்டால் அவள் வாயால் வந்தது.

சென்னையிலிருந்து சொல்கிறார்கள், இங்கே ஒருவர் கேட்டு எழுதுகிறார், எழுதியதை நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான் என்று அவளும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அதெல்லாம் சரிங்க, நாளைக்கு மழை உண்டுங்களா இல்லீங்களா என்பார்கள்.

ஈரோடு இன்னும் பெரியார் மாவட்டமாக இருந்த காலம் அது. அந்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே வங்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டது. கார்த்திகையில் வர வேண்டிய புயல் அவசரப்பட்டது. அதே ஐப்பசியில்தான் கரும்புக்கடைப் பகுதியில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டியிருந்தது.

வீடு இல்யாஸுக்கும் அவன் அண்ணன் அமீர் ஹம்சாவுக்கும் சேர்த்துக் கட்டுகிற வீடு. பெரிய கடைவீதியில் இருவரும் சேர்ந்து வளையல், ரிப்பன், லேஸ் விற்கிற ஃபேன்ஸி கடை நடத்தினார்கள். தந்தை போன பிறகு குடும்பத்தில் எதுவானாலும் அமீர் ஹம்சா சொன்னதுதான். கடைக்கு எந்தச் சரக்கு வாங்குவது, புது வீட்டுக் கதவுக்கு எந்த நிறம் அடிப்பது, எல்லாம் அவர்தான். கெட்டவர் அல்ல. இல்யாஸைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனால் ஒரு தடவை வாயிலிருந்து வந்ததை இன்னொரு தடவை யோசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நோன்பு வருவதற்குள் குடிபோய்விட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே போய்த்தான் ஆக வேண்டும்.

தளம் போடுவது ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை. பலகை அடித்துக் கம்பி கட்டிய பிறகு, காலையில் கலவை கொட்டத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் மறு கோடி வரை கொட்டி முடித்துவிட வேண்டும். நடுவில் பெருமழை பிடித்தால் சிமெண்ட் கழுவிக்கொண்டு போய்விடும். ஜல்லி தனியாக, மணல் தனியாக நிற்கும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளியன்று சாஜிதா வாசித்த அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது, பரவலாக மழை இருந்தது, கோவை மாவட்டமும் இருந்தது. வீட்டுக்கு வந்து இல்யாஸிடம் சொன்னாள். இல்யாஸ் அண்ணனிடம் சொன்னான். அமீர் ஹம்சா வேண்டாவெறுப்பாக மேஸ்திரி ராசப்பனுக்குச் சொல்லி அனுப்பி, வேலையைத் தள்ளிப் போட்டார்.

அந்த ஞாயிறு முழுக்கச் சுள்ளென்று வெயில் அடித்தது. தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விட்டதாக அன்று மாலை சாஜிதாவே வாசித்தாள். கலவை மெஷினை வேறு யாரோ கொண்டுபோனார்கள். ராசப்பன் தன் ஆட்களோடு கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்குச் சுவர் எழுப்பப் போய்விட்டார். வாங்கி அடுக்கிய சிமெண்டில் அடி மூட்டை ஒன்று ஈரம் பிடித்து இறுகி, ஆட்டுக்கல் போல ஆகிவிட்டது. அந்த மூட்டையை அமீர் ஹம்சா தூக்கிப் போடவில்லை. புது வீட்டு வாசலிலேயே வைத்து, வருகிறவர்களிடம் காட்டினார். இது எங்க ஊட்டு ரேடியோ மழையில நனைஞ்ச சிமெண்டுங்க என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சாஜிதா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு வழியாக ராசப்பன் கணபதி வேலையிலிருந்து கழன்று வந்தார். மெஷினும் கிடைத்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

சனிக்கிழமை மாலை சாஜிதா நிலையத்துக்குப் போனபோது டூட்டி பார்த்துக்கொண்டிருந்த ரூபன் அறிக்கையை எழுதி முடித்திருந்தார். வாங்கி நின்றபடியே படித்தாள். தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. கடற்கரையைக் கடந்து உள் மாவட்டங்கள் வழியாக மேற்கே நகரும். கோவை, நீலகிரி, பெரியார் மாவட்டங்களில் பலத்த மழை. ஓரிரு இடங்களில் மிகப் பலத்த மழை.

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"சார், இந்த ஓரிரு இடங்கள்ங்கறது எதுங்க சார்? கரும்புக்கடைப் பக்கம் வருமுங்களா?"

ரூபன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். நீங்களே இப்படிக் கேட்டால் ஊர்க்காரர்களை என்ன சொல்வது என்றார். அது எந்த இடம் என்று தெரிந்தால் அந்த இடத்தின் பெயரையே எழுதியிருப்பார்களே என்றும், காகிதத்தில் உள்ளதை மட்டும் படியுங்கள், குரலில் கவலை தெரியக் கூடாது என்றும் சொன்னார். சாஜிதா கவலை தெரியாமல் படித்தாள்.

அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் குரல் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. கூடத்தில் ரேடியோவைச் சுற்றி அமீர் ஹம்சா, அவர் மனைவி சித்திகா, இல்யாஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ராசப்பனும் வந்து கதவோரம் நின்றிருந்தார். எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

நாளைக்குப் போடுகிறோம், அதில் மாற்றமில்லை என்றார் அமீர் ஹம்சா. சாஜிதா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இந்த முறை வெறும் தாழ்வு மண்டலம் அல்ல, புயல் என்றாள். போன முறையும் பெரிதாகத்தான் சொன்னாய் என்றார் அவர். போன முறை மழை என்று வந்தது, இந்த முறை பலத்த மழை என்று வந்திருக்கிறது என்றாள் அவள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், நனைகிறவனுக்கு இரண்டும் தண்ணீர்தான் என்றார் அவர்.

பிறகு அமீர் ஹம்சா, சண்டையே வேண்டாம் என்பது போலக் கையை நீட்டி நிறுத்தினார்.

"சரிம்மா. ஓரிரு இடங்கள்னு படிச்சியே, அதுல கரும்புக்கடை வருதா, வரலியா? அதை மட்டும் சொல்லு. வருதுன்னா இப்பவே நிறுத்திப்போடறேன்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே கேட்ட கேள்விதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க என்றாள். அமீர் ஹம்சா ராசப்பனைத் திரும்பிப் பார்த்தார். பாத்தீங்களா மேஸ்திரி, படிச்சவளுக்கே தெரியல என்றார். ராசப்பன் பொதுவாகச் சிரித்து வைத்தார். வானம் தெளிவாத்தான் இருக்குதுங்க, ஆனா அம்மணி சொல்றதையும் தள்ள முடியாதுங்க என்று இரண்டு பக்கமும் பேசினார்.

போடுவதானால் போடுங்கள், ஒரு பெரிய தார்ப்பாயாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் சாஜிதா. அதற்கும் அவர் ஒப்பவில்லை. நல்ல காரியம் தொடங்கும்போது தார்ப்பாயை வாங்கி வைத்தால் மழையை நாமே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகும் என்றார்.

சாஜிதா கணவனைப் பார்த்தாள். இல்யாஸ் ரேடியோவின் திருகைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறைக்குள் போனதும் அவனிடம் கேட்டாள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. அண்ணன் சொல்லும்போது நான் எப்படி என்றான் அவன். நீ சொன்னதும் சரிதான், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றான். மேஸ்திரி சொன்னது போலவே இருந்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. அமீர் ஹம்சா குளிர் கண்ணாடி அணிந்து கரும்புக்கடைக்கு வந்திருந்தார். துஆ ஓதி, முதல் சட்டிக் கலவையை அவரே வாங்கிக் கொட்டினார். மெஷின் கடகடத்தது. ஆண்களும் பெண்களுமாக வரிசையாக ஏணியில் நின்று கலவைச் சட்டிகளைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். கீழே மரத்தடியில் வேலையாட்களுக்குப் பிரியாணி ஏறியிருந்தது. சித்திகா அடுப்பைப் பார்க்க, சாஜிதா வெங்காயம் நறுக்கினாள். மேலேயிருந்து அமீர் ஹம்சா அவ்வப்போது குனிந்து, ஏம்மா, புயல் எதுவரைக்கும் வந்துட்டுதாம், சூலூர் தாண்டியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றவர்களும் சிரித்தார்கள். சாஜிதா வெங்காயத்தின் மேல் கத்தியை ஓங்கிப் போட்டாள்.

மத்தியானம் தாண்டியதும் காற்று விழுந்துவிட்டது. புழுங்கியது. அமீர் ஹம்சா மேற்கே பாலக்காட்டுப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் மலை பளிச்சென்று தெரிந்தது. அவருக்குத் தெரிந்த மழையெல்லாம் அந்தக் கணவாய் வழியாக வருகிற மழை. அங்கே வெளிச்சமாக இருந்ததால் அவர் நிம்மதியாக இருந்தார். முதுகுக்குப் பின்னால் சிங்காநல்லூர் பக்கம் வானம் கன்றிக் கறுத்துக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தது ஏணி உச்சியில் நின்ற வெங்கடம்மாள் என்ற சித்தாள். சட்டியை வாங்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே இருந்தவன் திட்டினான். அப்புறம் அவனும் பார்த்தான்.

தளத்தில் முக்கால்வாசி கொட்டியாகிவிட்டது. சமையலறைக்கு மேலே உள்ள மூலைதான் பாக்கி. முடித்துவிடலாம், முடித்துவிடலாம் என்று அமீர் ஹம்சா கையை வீசி விரட்டினார். முதல் துளி விழுந்தபோதும் அது தூறல் என்றார். அடுத்து வந்தது தூறல் இல்லை. ராசப்பன் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூட ஏதாவது கொண்டுவாங்க என்று கத்தினார். அப்போதுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட எதுவும் இல்லை. காலி சிமெண்ட் சாக்குகள் கிடந்தன. சித்திகா பிரியாணி அண்டாவை மூடியிருந்த துணியை நீட்டினாள்.

சாஜிதா மரத்தடியிலிருந்து கிளம்பினாள். முந்தானையைத் தலையில் இழுத்துச் சுற்றிக்கொண்டு ஆத்துப்பாலத்தைப் பார்க்க நடந்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரி ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. லாரி இருக்கிற இடத்தில் தார்ப்பாய் இருக்கும். நடை ஓட்டமாயிற்று. ஒரு குடையை எடுத்துவரத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் இல்யாஸ் பக்கம் திரும்பியது. அவன் ஏணிக்குக் கீழே ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்து நின்ற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

முதல் ஷெட்டில் மூன்று லாரிகள் நின்றன. முதலாளி மாதிரி இருந்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். அவர் பெயர் நஞ்சப்பன், அந்தியூர்க்காரர் என்பது அவளுக்குப் பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, ஒரு பெரிய தார்ப்பாய் வேணுமுங்க. பக்கத்துல ஊட்டுக்குத் தளம் போட்டுட்டு இருக்கோம். பாதியில மழை புடிச்சுருச்சு."

நஞ்சப்பன் பீடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கீங்க இருக்குது? நேத்தே ரேடியோவுல சொல்லிப்போட்டாங்களே, புயல், பலத்த மழைன்னு. இந்த வரிசையில ஒரு லாரி பாக்கியில்லாம அத்தனை லோடுக்கும் கட்டிப்போட்டோமுங்க."

சாஜிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது.

"அதைச் சொன்னது நான்தானுங்க."

இப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஓரிரு இடங்களில் என்று ஒரு தடவை சொல்லுங்க பார்க்கலாம் என்றார். நனைந்த சேலையோடு, டீசல் சேற்றில் நின்றுகொண்டு, சாஜிதா சொன்னாள். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"அதே குரல்தானுங்க. அம்மணி, நீங்களே சொல்லிப்போட்டு, நீங்களே ஒரு தார்ப்பாய் எடுத்து வெக்கலீங்களா?"

அந்த மழையில் அவள் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மாமனார் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஊட்டுல யாரும் ரேடியோ கேக்கறதில்லீங்க என்று மட்டும் சொன்னாள்.

நஞ்சப்பன் யோசித்தார். ஈரோட்டிலிருந்து நூல் மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று காலையில்தான் இறக்கிவிட்டு வந்து நின்றது. அதன் தார்ப்பாய் சும்மா இருக்கிறது. ஆனால் அது விடியற்காலையில் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றப் போக வேண்டிய வண்டி. பொள்ளாச்சியில் நாளைக்கு மழை இருக்கும் என்றால் தார்ப்பாயைக் கொடுக்க முடியாது, இல்லை என்றால் கொடுக்கலாம், ஆகவே நாளைக்கு எப்படி என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

அவளுக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் அங்கே தீர்ந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. யாரோ எழுதிக் குடுக்கறத நான் படிக்கறேன். மேல இருக்கறவன் என்னைக் கேட்டா மழை பெய்ய வெக்கறான்? ஏனுங்க, எல்லாரும் என்னையே கேக்கறீங்க?"

நஞ்சப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் கத்தியது தன்னை அல்ல என்று அவருக்குப் புரிந்தது போலவும், ஆனால் பதில் வராமல் தார்ப்பாய் வராது என்பது போலவும் நின்றார். மழை இன்னும் வலுத்தது. சாஜிதா கண்ணை மூடினாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தது போல முதுகை நிமிர்த்தினாள்.

"பொள்ளாச்சி மற்றும் சுற்று வட்டாரங்களில் நாளை முற்பகல் வரை விட்டு விட்டு மழை பெய்யக்கூடும். அதன் பிறகு படிப்படியாகக் குறையக்கூடும்."

"இதத்தானுங்க கேட்டேன். லோடு மத்தியானத்துக்கு மேல ஏத்திக்கலாம்," என்றார் நஞ்சப்பன். டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

லாரியின் முன் இருக்கையில் அவள் கரும்புக்கடைக்கு வந்து இறங்கினாள். ராசப்பனும் ஆட்களும் தார்ப்பாயை ஏணி வழியாக மேலே இழுத்தார்கள். பச்சைக் கலவையின் மேல் கால் வைக்க முடியாது. ஓரத்துப் பலகைகளில் நின்றுதான் நாலு பக்கமும் பிடித்து விரிக்க வேண்டும். காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கியது. வெங்கடம்மாள் ஒரு முனையைக் கம்பியில் கட்டினாள். ராசப்பனும் இல்யாஸும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். கட்ட இடமில்லாத நாலாவது முனை படபடவென்று அடித்துக்கொண்டது. அமீர் ஹம்சா வேறு எதுவும் தோன்றாமல் அதை ஓரத்துப் பலகையில் அழுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கனத்த உடம்பு. தார்ப்பாய் அடங்கியது. குளிர் கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, சட்டை உடம்போடு ஒட்ட, அவர் அங்கேயே சம்மணமிட்டு இருந்தார். எழுந்தால் பறந்துவிடும் என்பதால் எழவும் முடியவில்லை. மழை ஓய்கிற வரைக்கும் அப்படியே இருந்தார்.

தளம் தப்பியது. சமையலறை மூலை தப்பவில்லை. தார்ப்பாய் அதுவரை எட்டவில்லை. கடைசியாகக் கொட்டிய கலவை கரைந்து, பலகை இடுக்குகள் வழியாகச் சாம்பல் நிறப் பாலாக ஒழுகியது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒட்டுப் போட்ட இடம் ஒட்டுப் போட்ட இடம்தான் என்றார் ராசப்பன்.

பிரியாணியை லாரியின் பின்பக்கத்தில் வைத்துப் பரிமாறினார்கள். வேலையாட்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே சாப்பிட்டார்கள். அமீர் ஹம்சா கீழே இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, தட்டைக் கையில் வாங்கி, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு பேசினார்.

"மழை வரும்னு சொன்னா. இல்லைங்கல. ஆனா மத்தியானத்துக்கு மேலேன்னு தெளிவாச் சொல்லியிருந்தா காலையில இன்னும் வெள்ளனே ஆரம்பிச்சிருக்கலாமில்ல?"

சாஜிதாவின் கையில் கரண்டி இருந்தது. அதை அண்டாவுக்குள் போட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இல்யாஸ் பேசிவிட்டான். அவன் அண்ணனைப் பார்க்கவில்லை, தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினான்.

"அண்ணே, அவ சொன்னா. தார்ப்பாயாவது வாங்கி வெங்கன்னும் சொன்னா. நாமதான் கேக்கல. நானும்தான் கேக்கல."

ராசப்பன் மிகுந்த கவனத்தோடு ஓர் எலும்பைக் கடித்தார். அமீர் ஹம்சா தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து, என்ன நினைத்தாரோ, பக்கத்தில் நின்ற வெங்கடம்மாளின் தட்டில் வைத்தார். வருத்தம் தெரிவிக்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது.

சாஜிதாவுக்குக் கோபம் போய்விடவில்லை. நேற்றே சொல்லியிருந்தால் இந்த மூலையும் ஒழுகியிருக்காது என்று இல்யாஸிடம் சொல்ல நினைத்தாள். ஆனால் அவன் காலித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம் சோறு வேணுமுங்களா என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையும் அவளுக்கு டூட்டி இருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. குரலைக் கேட்டதும் ரூபன் முகம் சுளித்தார். சுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். புயல் வலுவிழந்துவிட்டதாகவும், கோவையில் ஓரிரு இடங்களில் பலத்த மழை பெய்ததாகவும் அறிக்கையில் இருந்தது. பொள்ளாச்சி பற்றி எதுவும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தாள். கரகரத்த குரலில் வாசித்துவிட்டு வந்தாள்.

பொள்ளாச்சியை நினைத்து இரவெல்லாம் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. மறுநாள் இருட்டியதும் தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்க இல்யாஸோடு அவளும் போனாள். பொள்ளாச்சியில் மழை குறையவே இல்லை, பொழுது போகிற வரைக்கும் ஊற்றியது என்று நஞ்சப்பன் சொன்னார். லோடு ஏற்றாமல் வண்டி சும்மா நிற்கிறதாம். மன்னிச்சுக்குங்க, நானாகச் சொன்னது என்றாள் சாஜிதா.

"அதுல என்னங்க இருக்குது," என்றார் அவர். "நீங்க குறையக்கூடும்னுதானுங்களே சொன்னீங்க. குறையும்னு சொல்லலியே."

ரேடியோவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாசித்ததை வாசித்தபடியே கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியில் அவள் அதைச் சொன்னபோது இல்யாஸ் சிரித்தான். சனிக்கிழமை இரவிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அன்று பேசினாள்.

சமையலறை மூலையைக் கொத்தி எடுத்து, வெயில் கண்ட ஒரு வாரத்தில் மறுபடி போட்டார்கள். நோன்புக்குக் குடிபோகவில்லை. பெருநாள் கழிந்துதான் போனார்கள். ஒட்டுப் போட்ட இடம் ராசப்பன் சொன்னபடியே இருந்தது. பெருமழை என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் சொட்டும். அப்போதெல்லாம் அமீர் ஹம்சா தானே எழுந்து போய் ஒரு குண்டாவை எடுத்து வைப்பார். வேறு யாரும் எடுத்து வைப்பதற்குள் வைத்துவிடுவார். அதைப் பற்றிப் பேச்சு எடுக்க மாட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தபோது, நல்ல மே மாதமாகப் பார்த்துத் தேதி வைத்தார். அந்த மாதத்தில் எந்தப் புயலும் வராது, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். விருந்து நடுவில் கோடை மழை ஆலங்கட்டியோடு வந்து, ஷாமியானாவைச் சாய்த்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் அவர் சாஜிதா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கல்யாண வேலைக்காக அவள் அந்த வாரம் முழுக்க ரேடியோ பக்கமே போகவில்லை. அறிக்கை வாசித்தது வேறு யாரோ. எழுந்து போய் அதைச் சொல்லிவிட்டு வரலாமா என்று அவளுக்கு இருந்தது. பிறகு தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு, இருந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.